ஆறு அறுந்த கல்லாறு

தமிழ் கணினியில் ஏறிவிட்டது என்ற பெருமிதம் இன்று தமிழ்விழா மேடைகளின் வழக்கமாகிவிட்டது. ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து திரைக்கும் எம் மொழி நடந்து வந்த பாதையைச் சொற்பொழிவாளர் விரித்துரைக்கின்றனர், சபையோர் கைதட்டுகின்றனர். அக் கைதட்டலிற் சேர்ந்துகொள்ள நானும் விரும்பியவரே. ஆயின் சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு கடிதம் அவ் விருப்பத்தைக் குலைத்துவிட்டது.

நாட்டின் பெரிய நிறுவனங்களுள் ஒன்று என் தாயாருக்கு அனுப்பிய கடிதம் அது. பெயரைச் சொல்லி ஒரு நிறுவனத்தைமட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆகவே பெயரை விடுகின்றேன். கடிதம் தமிழிலே, பார்வைக்கு இனிய எழுத்திலே அச்சாகியிருந்தது. விலாசத்தின் கடைசி இரு வரிகள் மட்டும் இவ்வாறு இருந்தன: பெரியகல்லா. அதன் கீழே: மட்டக்களப்.

தபாற்காரர் எங்களை அறிந்தவர். ஆதலாற் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மா வாசித்துச் சிரித்தார். சிரிப்பு நீடிக்கவில்லை. வதிவிடத்தை உறுதிப்படுத்த அதே கடிதத்தை வேறோர் இடத்திற் காட்ட நேர்ந்தபோது, யன்னலுக்கு அப்பாலிருந்த உத்தியோகத்தர், “ஊர்ப் பேர் பிழையா இரிக்கு, திருத்திக்கொண்டு வாங்க” என்று திருப்பி அனுப்பினார். அவர்மீதும் குறை சொல்வதற்கில்லை. தம் ஊர்ப் பெயரின் ஈற்றெழுத்தை மீட்பதற்காக என் தாயார் இரண்டு நாட் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்தார் என்பதே செய்தி.

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஒரு மணற்றிடல். ஊரின் பெயரிலேயே ஆறு இருக்கின்றது. அந்த ஆற்றைத் துணித்தது எது?

கொழும்பில் மென்பொருள் எழுதும் தொழிலிலுள்ள என் அத்தான் விடுமுறைக்கு வந்திருந்தபோது கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். அவர் கடிதத்தைப் படிக்கவேயில்லை, விரல்விட்டு எண்ணினார். “முப்பது” என்றார். பின்பு அவர் விளக்கியதை வாசகருக்கு நான் விளங்கிக்கொண்டவாறு கூறுகின்றேன்.

தமிழிலக்கணம் கற்ற எவரும் பெரியகல்லாறு என்பதை ஏழெழுத்துச் சொல் என்பர்: பெ, ரி, ய, க, ல், லா, று. கணினி அவ்வாறு எண்ணுவதில்லை. 1991 முதல் வழங்கிவரும் யூனிக்கோட் முறையில் உயிர்மெய்யானது மெய்க்கு ஒரு குறியும் உயிரடையாளத்துக்கு ஒரு குறியுமாகப் பிரிந்து நிற்கும். புள்ளிக்கும் தனிக்குறி உண்டு. அம்முறையில் எங்கள் ஊர் 12 குறிகள். அக்குறிகளைச் சேமிப்பதற்குப் பெரும்பாலும் வழங்கும் யூடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடத்தைப் பிடிக்கும். ஆகவே 36 பைட். எங்கோ ஒரு மூலையில் எவரோ ஒருவர் ஊர்ப் பெயருக்கு 30 பைட் போதும் என்று வரையறுத்திருக்கின்றார். முப்பதை மூன்றால் வகுத்தாற் பத்து. பத்தாவது குறி ‘லா’வின் கால். அதோடு கத்தி விழுகின்றது; ‘று’ வெளியே.

மட்டக்களப்பும் 12 குறிகளே. ஆகையால் அதுவும் ‘மட்டக்களப்’ ஆயிற்று. பாலத்துக்கு அப்பாலுள்ள கோட்டைக்கல்லாறு ‘கோட்டைக்கல’ என்று முடியும். களுவாஞ்சிகுடி ‘களுவாஞ்சிக’ என்று மூச்சடங்கும். யாழ்ப்பாணம் புள்ளியை மட்டும் இழந்து ‘யாழ்ப்பாணம’ என்று நிற்கும். கொழும்புக்கு ஒரு தீங்கும் வாராது. அது 8 குறி, 24 பைட். கண்டியும் காலியும் தப்பிக்கொள்ளும். ஆங்கிலத்திலே எங்கள் ஊரை எழுதினால் 12 பைட்டில் அடங்கிவிடும் என்பதனால், இதனை அமைத்தவர் கண்ணுக்கு முப்பது என்பது தாராளமான இடமாகவே தோன்றியிருக்கும். சிங்கள எழுத்துக்கும் இதே மும்மூன்று பைட் கணக்குத்தான் என்பதை இங்கு சேர்த்துச் சொல்லவேண்டும். தமிழரை வருத்துவதற்கென்று எவரும் திட்டமிட்டுச் செய்த காரியம் இதுவன்று. திட்டமிட்டிருந்தால் எதிர்த்துப் போராடுவது எளிது.

இந்த முப்பது எங்கிருந்து வந்தது என்பதற்கும் அத்தான் ஓர் ஊகம் கூறினார். எமது அலுவலகங்களில் நெடுங்காலம் ஆட்சி செலுத்திய பாமினி எழுத்துருவில், ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருந்தன. அங்கே பெரியகல்லாறும் மட்டக்களப்பும் தலைக்குப் பதினொரு பைட்டுடன் முடிந்துவிடும். அக்காலத்து அளவெடுத்துத் தைத்த சட்டையை யூனிக்கோட் வந்தபின்னும் மாற்றாமல் விட்டிருப்பார்கள். இருக்கலாம்.

என் வினா வேறு. இத்தகைய ஒரு மென்பொருள் பலர் கூடி எழுதியது, பலமுறை சோதிக்கப்பட்டது, காசு கொடுத்து வாங்கப்பட்டது. பிழை எவ்வாறு இத்தனை கண்களுக்கும் தப்பியது?

தப்பியது என்பதனினும், பிழை எவருடைய பங்கிலும் இருக்கவில்லை என்பதே பொருந்தும். விண்ணப்பப் படிவத்தை எழுதியவர் தம் பகுதியைச் சோதித்தார், தமிழ் ஏறியது. சேமிக்கும் பகுதியை எழுதியவர் தமக்குத் தரப்பட்டதைச் சேமித்தார். சேமித்ததை எடுத்தும் பார்த்தார். அச்சிடும் பகுதி தன்னிடம் வந்ததை ஒரு புள்ளி பிசகாமல் அச்சிட்டது. மூவரும் நேர்மையானவர்கள். மூவருடைய சோதனையும் வெற்றி. படிவத்தில் எழுதப்பட்ட ஊர் கடித உறையில் அதே ஊராக வந்து சேர்கின்றதா என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

மென்பொருட்டுறையினர் இவ்விரண்டையும் வேறு பெயர்களால் அழைக்கின்றனர். ஒவ்வொரு பகுதியையும் தனியே பார்ப்பது அலகுச் சோதனை. பகுதிகளை இணைத்து, மெய்யான தரவுத்தளத்தோடும் மெய்யான அச்சுப் பகுதியோடும் முழுவதையும் ஓடவிட்டுப் பார்ப்பது ஒருங்கிணைப்புச் சோதனை. மட்டக்களப்பு மண்ணிற் பிறந்தவனுக்கு இதை விளக்க நூல் வேண்டியதில்லை. எங்கள் கூத்திலே சட்டம் கொடுத்த பின்பு ஒவ்வொருவரும் தத்தம் பாட்டையும் ஆட்டத்தையும் பழகுவர். கட்டியகாரன் தன் வரவை அறிவான். அரசன் தன் தருவை அறிவான். மத்தளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் தம் தொழிலில் வல்லவர். எனினும் எந்த அண்ணாவியாரும் அவ்வளவோடு களரிக்குப் போவதில்லை. அரங்கேற்றத்துக்கு முன்பு எல்லோரையும் நிறுத்தித் தொடக்கம் முதல் மங்களம் வரை அடுக்குப் பார்ப்பர். தனியே பழகும்போது தெரியாத பிழைகள் அன்றுதான் தெரியும்: ஒருவன் முடிக்கும் தாளத்தில் மற்றவன் தொடங்குவதில்லை, வரவுக்கும் பிற்பாட்டுக்கும் இடையே ஒரு வெறுமை விழுகின்றது. ஒருங்கிணைப்புச் சோதனை என்ற நீண்ட பெயரிலும் ‘அடுக்குப் பார்த்தல்’ எனக்கு உவப்பானது. ஆயினும் பெயருக்காகச் சண்டையிடுவது நம்மவரின் பழைய நோய். அதனை நானும் தொடங்கப் போவதில்லை.

தனித்தனியே நல்லவை சேர்ந்தால் நன்றாகவே இருக்கும் என்ற நம்பிக்கை ஏழை நாட்டின் அலுவலகங்களுக்கு மட்டும் உரியதன்று. 1996 ஜூன் 4 ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியன் 5 ஏவுகலம் பிரெஞ்சுக் கயானாவின் கூரூ தளத்திலிருந்து முதன்முறையாகப் புறப்பட்டு, ஏறத்தாழ 40 செக்கனில் வானிலே சிதறியது. திசையறியும் கருவியின் மென்பொருள் ஏரியன் 4 இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. அங்கே பல ஆண்டுகள் பழுதின்றி உழைத்தது. புதிய கலத்தின் கிடைவேகம் பழைய கலத்தினதிலும் அதிகம். 64 பிட் எண்ணொன்றை 16 பிட் இடத்துக்குள் திணிக்க முற்பட்ட கணத்தில் அது நிலைகுலைந்தது. பெரிய பொருளைச் சிறிய பெட்டியுள் திணித்த அதே கதை. எங்கள் ஊரின் ‘று’வைத் துணித்த அதே கதை. விசாரணைக் குழு கண்ட மற்றோர் உண்மை நமக்கு முக்கியமானது. முழுக்கலத்தையும் பாவனையாகப் பறக்கவிட்டுப் பார்த்த சோதனைகளில் அக்கருவி மெய்யாகச் சேர்க்கப்படவில்லை. அதன் இடத்தில் ஒரு போலி வைக்கப்பட்டது. தனியாகத் தகுதி பெற்ற கருவிக்கு மறுபடியும் எதற்கு அடுக்குப் பார்ப்பது என்று எண்ணினார்கள்.

மூன்றாண்டுகளின் பின், 1999 செப்டெம்பர் 23 இல், அமெரிக்காவின் செவ்வாய்க் காலநிலை ஆய்வுக் கலம் தொலைந்தது. ஒரு சாரார் விசையைப் பவுண்டிற் கணித்து அனுப்பினர். மறு சாரார் அதனை நியூட்டன் என்று வாசித்தனர். இரு சாராரின் கணக்கும் தனித்தனியே பிழையற்றது.

இனி, இக்கட்டுரையின் நடுப்புள்ளிக்கு வருகின்றேன். அடுக்குப் பார்க்கவேண்டும் என்பதை இன்று எந்தப் பொறியியலாளரும் மறுப்பதில்லை. மேடையில் ஏற்றிக் கேட்டால் எல்லோரும் ஆமென்பர். ஆயினும் சோதனையை எழுதி வைப்பது வேறு. அது தவறாமல் ஓடுமாறும், அதன் முடிவு செவிமடுக்கப்படுமாறும் ஒழுங்கு செய்வது வேறு. நாட்டிலே சட்டம் இருப்பதற்கும் நடைமுறை இருப்பதற்கும் உள்ள இடைவெளி இங்கும் உண்டு.

எழுதிய நிரல்களைத் தொகுத்து, சோதித்து, பொதிசெய்து, வெளியிடத் தக்க பண்டமாக்கும் தானியங்கி ஒழுங்கைத் தொழிலிலுள்ளோர் ‘பில்ட்’ என்பர். ஜாவா மொழியில் எழுதுவோரிடையே இதற்குப் பரவலாக வழங்கும் கருவி மேவன். அதற்குப் படிமுறை உண்டு: தொகுத்தல், அலகுச் சோதனை, பொதிசெய்தல், அதன்பின் ஒருங்கிணைப்புக்கு முன்னாயத்தம், ஒருங்கிணைப்புச் சோதனை, பின் துப்புரவு, ஈற்றிலே சரிபார்ப்பு. அலகுச் சோதனையை நடத்தும் ஷுவர்ஃபயர் என்னும் செருகி கேளாமலே இணைந்து வரும். ஒருங்கிணைப்புச் சோதனையை நடத்தும் ஃபெயில்சேஃப் என்னும் செருகி கேளாமல் வருவதில்லை. அமைப்புக் கோப்பில் அதனைப் பெயர்சொல்லி அழைத்து, இன்ன படியில் இன்னது செய் என்று கட்டினால் மட்டுமே வேலை செய்யும். அழைக்காவிட்டால், எழுதிய ஒருங்கிணைப்புச் சோதனைகள் கோப்புகளாகவே கிடக்கும். கண்டனமோ எச்சரிக்கையோ வாராது. ‘பில்ட் வெற்றி’ என்று பச்சை எழுத்தில் வரும்.

இதனிலும் நுட்பமான ஒரு வஞ்சகம் உண்டு. அதைக் கேட்டபோது கலைப்பீட மாணவரான எனக்கே மெய்சிலிர்த்தது. ஃபெயில்சேஃப் சோதனை தோற்றாலும் உடனே வேலையை நிறுத்தாது. அதற்கு நியாயமான காரணம் உண்டு: சோதனைக்காக எழுப்பிய தரவுத்தளத்தையும் வழங்கியையும் முதலில் இறக்கி வைக்கவேண்டும்; நடுவே ஓடிவிடலாகாது. ஆகையால் தோல்வியைக் குறித்து வைத்துக்கொண்டு, துப்புரவு முடிந்தபின் சரிபார்ப்பு என்னும் ஈற்றுப் படியிலேதான் அது தோல்வியை அறிவிக்கும். இப்போது, அமைப்புக் கோப்பை எழுதுபவர் ‘சோதனையை நடத்து’ என்ற கட்டளையை மட்டும் எழுதி, ‘முடிவைச் சரிபார்’ என்ற கட்டளையை மறந்துவிட்டால் என்ன ஆகும்? சோதனை ஓடும். தோற்கும். தோல்வி ஒரு கோப்பிற் பதிவாகும். அக் கோப்பை எவரும் திறவார். பில்ட் வெற்றி. விடைத்தாளைத் திருத்திப் புள்ளியும் இட்டபின், பெறுபேற்றுப் பட்டியலில் எல்லோரும் சித்தி என்று ஒட்டும் பரீட்சைத் திணைக்களத்தைக் கற்பனை செய்து பாருங்கள்.

அத்தான் முன்பு வேலைபார்த்த ஓரிடத்தில் இவ்வாறே பல மாதங்கள் நடந்ததாம். ஒருநாள் ஒருவர் தற்செயலாகப் பதிவுக் கோப்பைத் திறந்தபோது, தமிழ்ப் பெயர் தொடர்பான ஒரு சோதனை நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. எவரோ அக்கறையோடு அதை எழுதியிருக்கின்றார். அது நாள்தோறும் கூவியிருக்கின்றது. கேட்பதற்கு ஒரு வரியைச் சேர்க்க மறந்திருக்கின்றார்கள்.

மறதியை மன்னிக்கலாம். வேண்டுமென்றே செய்வதும் உண்டே! சோதனைகளைத் தாண்டிச் செல் என்று கட்டளைவரியில் ஒரு சொல்லைச் சேர்த்தாற் போதும். வெளியீட்டு நாள் நெருங்கும்போது அச்சொல் எல்லோர் விரலிலும் வந்து அமர்கின்றது. தற்காலிகம் என்று சேர்த்த அச்சொல் பில்ட் ஒழுங்கிலேயே குடியேறிவிடுகின்றது. ஒருங்கிணைப்புச் சோதனை மெதுவானது, தரவுத்தளத்தை எழுப்பவேண்டும், வலைத்தொடர்பு வேண்டும், சிலநாள் காரணமின்றித் தோற்கும், ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் யார் காத்திருப்பது என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. அண்ணாவியாரும் நாள்தோறும் அடுக்குப் பார்ப்பதில்லை. மெதுவானவற்றை வேறாகப் பிரித்து இரவில் ஓடவிடுங்கள்; கிளையில் எழுதியதை மூலத்தோடு சேர்க்குமுன் ஓடவிடுங்கள்; வெளியீட்டுக்கு முன் கட்டாயம் ஓடவிடுங்கள். காரணமின்றித் தோற்கும் சோதனையைக் கண்டுபிடித்துத் திருத்துங்கள். அமைப்புக் கோப்பில் இவற்றுக்கெல்லாம் இடமுண்டு. பிரித்து வைப்பது ஒழுங்கு. பிரித்து வைத்ததை மறந்துவிடுவது மோசடி.

சோதனைக்கு மெய்யான தரவுத்தளத்துக்குப் பதிலாக நினைவகத்தில் மட்டும் இயங்கும் சிறு தரவுத்தளத்தை நிறுத்துவோரும் உளர். ஏரியன் 5 இன் போலிக் கருவி இங்கும் வருகின்றது. மைஎஸ்கியூஎல் ஒரு சொற்பத்தியின் நீளத்தைக் குறிகளால் எண்ணும். ஆரக்கிள், வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், பைட்டால் எண்ணும். முப்பது என்ற ஒரே எண் ஓரிடத்திற் பெரியகல்லாற்றை ஏற்கும், மற்றோரிடத்தில் ஏற்காது. ஆங்கிலப் பெயர்களால் மட்டும் சோதிப்பவர் இவ்வேறுபாட்டை ஆயுள் முழுவதும் காணமாட்டார். டொக்கர் போன்ற கொள்கலன் கருவிகள் வந்தபின் மெய்யான தரவுத்தளத்தையே சோதனைக்கென எழுப்பி, முடிந்ததும் அழித்துவிடலாம். ஆதலால் வசதியில்லை என்ற பழைய சமாதானமும் செல்லாது.

பில்ட் ஓடும் இயந்திரத்தின் மொழியமைப்பும் இதிற் சேரும. எழுத்தாளர் மேசையிலுள்ள கணினியில் தமிழ் சரியாக வாசிக்கப்படும். பில்ட் ஓடும் வழங்கியிற் கேள்விக்குறிகளாக மாறும். 2022 இல் வெளிவந்த ஜாவா 18 வரை, எழுத்துக்குறிமுறை எதுவென்று சொல்லப்படாவிடின் இயங்குதளத்தின் வழக்கத்தையே ஜாவா எடுத்துக்கொண்டது. குறிமுறை இன்னது என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் மூலக்கோப்புகளைப் பொறுத்தவரை இத்தொல்லை தீரும். எழுதாவிட்டால், இந்த பில்ட் இயங்குதளத்தைச் சார்ந்தது என்று மேவன் எச்சரிக்கும். எச்சரிக்கைகளை யார் படிக்கின்றனர்?

யூனிக்கோட் வந்துவிட்டதே, இனித் தமிழுக்கு என்ன குறை என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். யூனிக்கோட் ஒரு நெடுங்கணக்கு, அவ்வளவே. அரிச்சுவடி கிடைத்துவிட்டதனால் நாட்டிற் கல்வி பரவிவிட்டது என்று எவரும் கூறார். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. அவ்வுரிமை ஒரு கடித உறையின் மேல் 30 பைட்டில் வந்து முடிகின்றது.

இதுகாறும் பொறியியலாளரைச் சாடினேன். தமிழ்ச் சங்கத்தின் இதழிற் பொறியியலாளரை மட்டும் சாடுவது பாதுகாப்பான வீரம். நம்மைப் பற்றியும் பேசவேண்டும். கணினித்தமிழ் என்றவுடன் நாம் செய்வது யாது? கலைச்சொல்லாக்கக் கருத்தரங்கு வைப்போம். கணினியா கணனியா என்று இரண்டு அமர்வுகள் நடத்துவோம். பின்னர் தேநீர். சோதிக்கும் பொறியியலாளர் ஒருவர் நம்மிடம் வந்து, “எந்தத் தமிழ்ச் சொற்களைக் கொண்டு இதனைச் சோதிப்பது?” என்று கேட்டால் கையிற் கொடுக்க ஒரு தாள் நம்மிடம் இல்லை. ஆகவே அவர் ‘அம்மா’ என்று அடித்துப் பார்க்கின்றார். அது சரியாக வருகின்றது. தமிழ் சோதிக்கப்பட்டது என்று எழுதிக்கொள்கின்றார்.

அந்தத் தாளை எழுதக்கூடியவர் யார்? ஔவையாரைப் பாருங்கள். ஔ என்னும் ஓரெழுத்தைத் தட்டுவதற்குப் பதிலாக, ஒ என்பதையும் ள என்பதையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவை’ என்று எழுதும் வழக்கம் எங்கும் பரந்துள்ளது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. நூலகப் பட்டியலில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. கோகிலா என்னும் பெயரின் ‘கோ’வை ஓருயிரடையாளமாகவும் சேமிக்கலாம், ஏகார அடையாளமும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம், இவ்விரண்டும் சமம் என்று யூனிக்கோட் விதிக்கின்றது, விதியை நடைமுறைப்படுத்தாத மென்பொருளில் அவர் இரு பெண்கள். ‘ஸ்ரீ’யின் கதை இன்னும் சிக்கலானது: 2005 இல் ‘ஶ’ யூனிக்கோட்டிற் சேர்ந்தபின் அவ்வெழுத்து இருவகையாக எழுதப்படுகின்றது, அவ்விரண்டையும் சமமென்று சொல்ல விதியுமில்லை. அகரவரிசையோ முற்றிலும் தலைகீழ். யூனிக்கோட்டின் குறியெண் வரிசையில் ‘ன’ ‘ந’வை அடுத்து நிற்கின்றது, ‘ற’ ‘ர’வை அடுத்து நிற்கின்றது. குறியெண்ணால் அடுக்கும் மென்பொருள் நம் நெடுங்கணக்கின் ஈற்றெழுத்தை நடுவிலே புகுத்திவிடும். பெரிய கல்லாறு என்று இடம்விட்டு எழுதுபவரும் பெரியகல்லாறு என்று சேர்த்தெழுதுபவரும் ஒரே ஊரார் என்பதை எந்த இயந்திரம் அறியும்? குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடமிருக்கத் தமிழுக்கு 70 குறியே உண்டு. அதில் எங்கள் ஊர்ப் பெயர் மட்டும் 12. வெள்ள எச்சரிக்கையின் எந்தச் சொல்லோடு செய்தி அறுந்துவிடும்?

இவை பொறியியற் பீடத்தின் வினாக்கள் அல்ல. எழுத்ததிகாரம் படித்தவர்களுடைய வினாக்கள். குறியையும் பைட்டையும் அறியாத தமிழறிஞர் ஒருபுறமும், குற்றியலுகரத்தையும் ஆய்தத்தையும் அறியாத பொறியியலாளர் மறுபுறமும் நிற்க, இருவருக்கும் இடையிலான இணைப்பிலேயே மொழி அறுகின்றது. நமது பல்கலைக்கழகங்களே ஒருங்கிணைப்புச் சோதனை செய்யப்படாத மென்பொருள்கள் என்று சொன்னால் விரிவுரையாளர்கள் கோபிக்கக் கூடாது.

எம் பிரதேசத்துக்கு இவ்விணைப்பு அந்நியமானதுமன்று. எங்கள் ஊருக்குத் தெற்கே, கல்முனையையும் தாண்டியுள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்றவர், கற்பித்தவர். அவரே 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 இல் வெளிவந்த யாழ் நூலில் இலக்கியச் சான்றும் இசையிலக்கணமும் கணிதமும் ஒருங்கே நிற்கின்றன. அவருக்கு விழா எடுக்கும் நாம், அவர் செய்தது போன்ற வேலையை வேறு பீடத்தவர் செய்வார் என்று காத்திருக்கின்றோம்.

அற்ப விடயத்துக்கு இத்தனை ஆரவாரமா என்று கேட்பார் இருக்கலாம். ஓர் எழுத்துத்தானே, தபால் வந்து சேர்ந்ததே என்பர். 2004 டிசெம்பர் 26 ஐ எங்கள் கரையிற் பிறந்த எவரிடமும் அற்பம் என்ற சொல்லோடு பேச இயலாது. அக்காலையிற் கடல் ஊருக்குள் வந்தபோது நான் நினைவறியாப் பருவத்தினன். ஆயினும் அம்மம்மா சொல்லிச் சொல்லி அது என் நினைவாகவே ஆகிவிட்டது. முகாம் முகாமாகப் பெயர் தேடியதைத்தான் அவர் அதிகம் சொல்வார். பட்டியல்களில், சுவர்களில் ஒட்டிய தாள்களில், கையெழுத்தில், பலவித எழுத்துக்கூட்டலில் பெயர்கள். அப்பேரழிவின் பின் இலங்கையின் மென்பொருள் எழுத்தாளர் தொண்டர்களாகக் கூடிச் சில வாரங்களில் ‘சகானா’ என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். நிவாரணம் என்பது அச் சிங்களச் சொல்லின் பொருள். காணாமற் போனோர் பதிவும், முகாம்களின் பதிவும், உதவி நிறுவனங்களின் பதிவும் அதிற் சேர்ந்தன. 2005 இற் பாகிஸ்தானின் நிலநடுக்கத்துக்கும், 2010 இல் ஹெயிட்டியின் நிலநடுக்கத்துக்கும் அது சென்றது. 2006 இல் கட்டற்ற மென்பொருள் நிறுவகத்தின் சமூகநல விருதைப் பெற்றது. இந்நாட்டார் பெருமைப்படத்தக்க பணி அது. நான் சுட்டுவது அப்பணியின் தன்மையை. காணாமற் போனோர் பட்டியலில் ஒரு பெயர் இருவகையாகச் சேமிக்கப்பட்டால், தேடும் தாய்க்கும் தேடப்படும் பிள்ளைக்கும் இடையே நிற்பது ஓர் உயிரடையாளம். ஊர்ப் பெயர் பத்தாம் குறியோடு அறுந்தால், கோட்டைக்கல்லாற்றுப் பிள்ளை ‘கோட்டைக்கல’ என்னும் இல்லாத ஊருக்குச் சொந்தமாகிவிடும். பேரிடர் வந்தபின் சோதிப்பதற்கு நேரமிராது.

ஆகவே கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கின்றேன். அரச நிறுவனமோ வங்கியோ ஒரு மென்பொருளை விலைக்கு வாங்கும்போது, தமிழும் சிங்களமும் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடும் ஒருங்கிணைப்புச் சோதனையை ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும். அச்சோதனை இருக்கின்றது என்ற வாய்ச்சொல் போதாது. பில்ட் ஒழுங்கின் அமைப்புக் கோப்பைக் காட்டச் சொல்லவேண்டும். சரிபார்க்கும் வரி அதில் உளதா, தாண்டிச் செல்லும் சொல் எங்கேனும் ஒளிந்திருக்கின்றதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். வேண்டுமென்றே ஒரு தமிழ்ச் சொல்லைப் பிழையாக்கி, பில்ட் சிவக்கின்றதா என்று அவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்டவேண்டும். சிவக்காவிடிற் பணம் கொடுக்கலாகாது.

நம் சங்கம் செய்யவேண்டியது இதனிலும் எளிது. இவ்வாண்டு நடத்தவிருக்கும் கருத்தரங்குகளில் ஒன்றைக் கைவிட்டு, தமிழ்த்துறையாரும் கணினித்துறையாரும் ஒரே மேசையிலிருந்து ஒரு சோதனைப் பட்டியலைத் தொகுக்கட்டும். 247 எழுத்துகளும், கிரந்த எழுத்துகளும், இருவகையாக எழுதப்படுவனவும், நீண்ட ஊர்ப் பெயர்களும், முன்னெழுத்தோடு கூடிய ஆட்பெயர்களும் அதில் வரட்டும். எவரும் எடுத்துத் தம் பில்டிற் சேர்த்துக்கொள்ளுமாறு இலவசமாக வெளியிடட்டும். சென்ற விடுமுறையில் அத்தானோடு இருந்து நான் 63 சொற்களை எழுதினேன். அவற்றைச் செயலாளரிடம் ஒப்படைத்துள்ளேன். முதலாவது பெரியகல்லாறு, இரண்டாவது மட்டக்களப்பு, மூன்றாவது ஔவையார். நாலாவதாக, அம்மா சொன்னபடி, எங்கள் வீட்டு விலாசம் முழுவதும்.